முதலில் கணக்கு, பிறகு ஸ்பேனர்

பழைய புல்லட் பெட்ரோலைக் குடிக்கிறது என்றதும் கார்புரேட்டரில் கை வைப்பது வழக்கம். கடைசியில் தொட வேண்டியதை முதலில் தொடுவதால்தான் பல எஞ்சின்கள் வீணாகின்றன.

செகந்திராபாத் ரயில் நிலையத்திலிருந்து தார்னாகா போகிற சாலையில், ஆலுகட்டபாவி பாலத்தைத் தாண்டினால் மெட்டுகுடா. சுற்றிலும் ரயில்வே குடியிருப்புகள். பக்கத்திலேயே 1893-ல் நிஜாம் கால ரயில்வே தொடங்கிய லாலாகுடா பணிமனை. தலைக்கு மேலே 2017 நவம்பரிலிருந்து ஓடும் மெட்ரோ. இரும்போடு பழகிய வட்டாரம் இது. பழைய புல்லட்டை அவ்வளவு சுலபத்தில் காயலான் கடைக்குப் போட மனம் வராது. ஆனால் அந்த வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “எவ்வளவு கொடுக்குது?”

பதில் முப்பத்தைந்து என்றால் பெருமை. இருபத்தெட்டு என்றால் சங்கடம். அதற்கும் கீழே என்றால் அன்று சாயங்காலமே வண்டி மெக்கானிக் ஷெட்டில் நிற்கும். அங்கே நடப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். கார்புரேட்டரில் ஒரு ஸ்குரூ திருகப்படும். சின்ன ஜெட் ஒன்று மாட்டப்படும். சில நூறு ரூபாய் கைமாறும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மைலேஜ் பெரிதாகக் கூடியிருக்காது. எஞ்சின் மட்டும் சூடாகத் தொடங்கியிருக்கும்.

இதில் பணயமாக இருப்பது வெறும் கௌரவம் அல்ல. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகும் ஹைதராபாத்தில் பெட்ரோல் 107 ரூபாய்க்கு மேல் விற்றது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி 35 கொடுத்தால் சுமார் 28.5 லிட்டர் போதும். 28 கொடுத்தால் கிட்டத்தட்ட 36 லிட்டர் வேண்டும். வித்தியாசம் மாதத்துக்கு 750 ரூபாயைத் தாண்டுகிறது, வருஷத்துக்கு ஒன்பதாயிரம். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவருக்கு இது சின்னத் தொகை இல்லை. அந்தத் தொகையை மிச்சப்படுத்தப் போய் பிஸ்டனையும் வால்வையும் கருக்கிக் கொண்டால் செலவு அதைப்போல் பல மடங்கு.

வண்டியின் ஜாதகம்

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டோடு கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்த 350 புல்லட்டின் எஞ்சின் 346 சிசி. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். புகை விதிகள் இறுகியதால் 2010-ஐ ஒட்டி இந்த வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்று, புதிய வடிவம் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பொறுப்பு முழுவதும் கார்புரேட்டருடையது. பெட்ரோல் மாறினாலும், ஊர் மாறினாலும், மலை ஏறினாலும் அது தானாக எதையும் திருத்திக் கொள்ளாது.

மைலேஜ் மோகம் புதியதும் அல்ல. 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, பெட்ரோல் போட்டு மூடிவிட்டு மறந்துவிடலாம் என்று சொல்லியே ஊரை வளைத்துப் போட்டது. என்ஃபீல்டு நிறுவனமும் சளைக்காமல் 325 சிசி டீசல் எஞ்சினை புல்லட்டில் பொருத்தி விற்றது. எரிபொருள் மிச்சமானது உண்மைதான். ஆனால் சக்தி 6.5 குதிரைதான். வேகத்தை மறந்துவிட வேண்டியிருந்தது. நெடுந்தூரம் போவதற்கென்று கட்டிய கனமான வண்டியிடம் 100 சிசி வண்டியின் கணக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய 350 புல்லட் லிட்டருக்கு 30 முதல் 35 கிலோமீட்டர் கொடுத்தால் அதற்கு நோய் இல்லை என்று அர்த்தம்.

நோய் இருக்கிறதா?

எனவே முதல் வேலை, வண்டி உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்று தெரிந்து கொள்வது. ஷெட்டுகளில் பிரபலமான பாட்டில் சோதனை இதற்கு உதவாது. 100 மில்லி பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றி, வண்டி நிற்கும் வரை ஓட்டிப் பார்ப்பார்கள். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் ஏற்கெனவே பத்து மில்லி தங்கியிருந்தாலே கணக்கில் பத்து சதவீதம் பிசகு. அந்தப் பத்து சதவீதத்தில்தான் ‘ட்யூனிங் செய்ததும் மைலேஜ் ஏறிவிட்டது’ என்ற அதிசயம் ஒளிந்திருக்கிறது.

நம்பத்தக்கது, டேங்கை நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பும் முறை. ஒரே பங்க், வண்டி சென்டர் ஸ்டாண்டில், பெட்ரோல் ஒரே மட்டம் வரும் வரை. மெட்டுகுடாவிலிருந்து தார்னாகா, ஹப்சிகுடா, உப்பல் வழியாக வாரங்கல் நெடுஞ்சாலையைப் பிடித்தால் யாதகிரிகுட்டா சுமார் 60 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் 120. நரசிம்மர் தரிசனமும் ஆயிற்று. திரும்பி வந்து 4.2 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 28.6. ஆனால் மட்டத்தில் 200 மில்லி முன்னே பின்னே போனால் இந்தக் கணக்கு ஐந்து சதவீதம் தவறும். அதே பிசகு 12 லிட்டரில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆகவே முழு டேங்க் ஓட்டி, அதையும் இரண்டு முறை செய்து பார்ப்பதே சரி.

கிலோமீட்டர் காட்டும் மீட்டரும் பொய் சொல்லலாம். சாலையோரக் கிலோமீட்டர் கற்களையோ, செல்போனில் உள்ள ஜிபிஎஸ்ஸையோ வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மீட்டர் பத்து கிலோமீட்டருக்கு ஒன்பது காட்டினால், 32 கொடுக்கும் வண்டி 29 கொடுப்பதாகத்தான் தோன்றும். பங்கின் அளவில் சந்தேகம் இருந்தால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவியில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

ஊர் ஓட்டத்தையும் தனியே கணக்கிட வேண்டும். குவார்ட்டர்ஸிலிருந்து பணிமனைக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து மார்க்கெட்டுக்கு ஒன்று, மாலையில் சிலகலகுடா வரை இன்னொன்று என்று ஓடும் வண்டியில் எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் சாவி அணைந்துவிடும். ஒவ்வொரு முறையும் சோக், ஒவ்வொரு முறையும் கெட்டியான கலவை. அதே வண்டி வாரங்கல் சாலையில் 34 கொடுத்தால், மெக்கானிக்குக்கு அங்கே வேலை இல்லை.

எஞ்சினைத் தொடுமுன்

நெடுஞ்சாலையிலும் மைலேஜ் குறைவு என்று உறுதியானால், காசில்லாமல் பார்க்கக் கூடியவற்றிலிருந்து தொடங்கலாம். முதலில் கசிவு. இரவில் பெட்ரோல் குழாயைத் திறந்தே விட்டுவிட்டு, ஃப்ளோட்டின் ஊசி வால்வும் தேய்ந்திருந்தால், கிண்ணம் நிரம்பிச் சொட்டும். ஐந்து நொடிக்கு ஒரு சொட்டு என்றால்கூடப் பத்து மணி நேரத்தில் 7,200 சொட்டு. ஒரே இரவில் நூறு மில்லிக்கு மேல் போய்விடும். மாதத்தில் மூன்று, நான்கு லிட்டர். காலையில் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் மைலேஜ் எங்கே போகிறது என்று தேட வேண்டியதில்லை. பெட்ரோல் போகிறது என்பது மட்டுமல்ல, தீ அபாயமும் உண்டு.

அடுத்தது உருளும் பாகங்கள். டயர்களில் காற்று கையேடு சொல்லும் அளவில் இருக்க வேண்டும். அதையும் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பின்னால் ஆளும் பெட்டியும் ஏறும்போது பின் டயருக்குக் கூடுதல் அளவு தனியாகவே கொடுக்கப்பட்டிருக்கும். பிறகு சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டும். உர் உர் என்று உரசி உடனே நின்றால் பிரேக் ஷூ டிரம்மை விடவில்லை என்று பொருள். பத்து கிலோமீட்டர் ஓட்டிய பிறகு டிரம்மைத் தொட்டுப் பார்த்தாலும் தெரியும்: பிரேக் அதிகம் பிடிக்காமலேயே சுட்டால், பெட்ரோல் அங்கே எரிகிறது.

செயின் விறைப்பாக இருந்தாலும் நஷ்டம், எண்ணெய் காய்ந்து துருவேறி இருந்தாலும் நஷ்டம். கீழ்ப் பக்கம் நடுவில் சுமார் 25 மில்லிமீட்டர் ஆட்டம் வேண்டும். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக விறைப்பாக இருக்கும் இடத்தில் அதைப் பார்க்க வேண்டும். கிளட்ச் வழுக்குகிறதா என்பதற்கு ஒரு மேடு போதும். நான்காவது கியரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன. கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றினாலும் அந்த நஷ்டம் தீராது.

தீப்பொறியின் பங்கு

இவற்றுக்குப் பிறகே எஞ்சின். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும். தூசி அடைத்தால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும், பெட்ரோல் வீணாகும். அதற்காக ஃபில்டரையே எடுத்தெறிந்துவிட்டு ஓட்டுவது வேறொரு வியாதி. கலவை மெலிந்து, சாலைத் தூசி நேராக சிலிண்டருக்குள் போகும்.

டேப்பெட் விஷயத்தில் புல்லட்டுக்குத் தனி வழக்கம். மற்ற வண்டிகளில் தகடு விட்டு இடைவெளி பார்ப்பார்கள். இந்த எஞ்சினில் குளிர்ந்த நிலையில் இடைவெளியே இருக்கக் கூடாது. பிஸ்டன் அழுத்த வீச்சில் உச்சியில் நிற்கும்போது புஷ்ராடு விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கிவிட்டால் வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசியும். கிக்கரை மிதிக்கும்போது காலில் படும் எதிர்ப்பு குறைந்திருப்பதே அதற்குச் சாட்சி. ரிங் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். சைலன்சரிலிருந்து நீலப் புகை வரும்.

அதிகம் பேர் கவனிக்காதது தீப்பொறி விழும் நேரம். பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அந்தப் பாயிண்ட் தகடுக்குப் பின்னால் சுழலும் எடைகளும் சின்ன ஸ்பிரிங்குகளும் கொண்ட ஒரு அமைப்பு இருக்கிறது. வேகம் கூடக்கூடத் தீப்பொறியை முன்கூட்டியே விழவைப்பது அதன் வேலை. கிரீஸ் காய்ந்து எடைகள் ஒட்டிக்கொண்டால், அறுபது கிலோமீட்டர் வேகத்திலும் தீப்பொறி ஐடிலிங்குக்கு உரிய நேரத்தில் விழும். கலவை தாமதமாக எரிந்து, சூடு சைலன்சர் வழியாகப் போகும். வண்டி இழுக்காது, ஓட்டுபவர் இன்னும் முறுக்குவார். ஒரு துணியும் இரண்டு சொட்டு எண்ணெயும் செய்கிற வேலைக்கு ஜெட் மாற்றிப் பயனில்லை.

பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜோசியம் சொல்வதில் ஒரு எச்சரிக்கை. கரும்புகை படிந்தால் கலவை கெட்டி, வெளுத்திருந்தால் மெலிவு, வெளிர் பழுப்பு என்றால் சரி என்பது பழைய பாடம். 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றதிலிருந்து அந்தப் பழுப்பு முன்போல் அழுத்தமாகத் தெரிவதில்லை. பழைய கையேட்டின் நிறத்தைத் தேடி கலவையைக் கெட்டியாக்கிக் கொண்டே போனால் மைலேஜ்தான் போகும். அதோடு, ஐடிலிங்கில் நின்ற பிளக் எதையும் சொல்லாது. நெடுஞ்சாலையில் சீராக ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அங்கேயே அணைத்து, ஆறிய பிறகு கழற்றிப் பார்த்தால்தான் அது உண்மையைப் பேசும்.

கடைசியில் கார்புரேட்டர்

இத்தனையும் சரியாக இருந்து மைலேஜ் மட்டும் வரவில்லை என்றால், இப்போது கார்புரேட்டரின் முறை. பெரும்பாலான பழைய 350-களில் இருப்பது மிக்கார்ப் விஎம் 24. அதன் உள்ளே நான்கு பேர் ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கிறார்கள். ஆக்ஸிலேட்டர் மூடியிருப்பதிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை பைலட் ஜெட். கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு. கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை நீடில். முழுதாக முறுக்கும்போது மட்டும் மெயின் ஜெட்.

இதைப் புரிந்துகொண்டால் ஷெட்டில் நடப்பதன் அபத்தம் விளங்கும். வாரங்கல் சாலையில் 55, 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் புல்லட்டில் ஆக்ஸிலேட்டர் பாதிகூடத் திறந்திருக்காது. பெட்ரோலை அளந்து விடுவது நீடிலும் அதைச் சுற்றிய நீடில் ஜெட்டும்தான். சின்ன மெயின் ஜெட் மாட்டினால் அந்த ஓட்டத்தில் மைலேஜ் கூடுவதற்கு வழியே இல்லை. ஆனால் பாரத்தோடு மேடு ஏறும்போதும், லாரியை முந்தும்போதும், எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில் கலவை மெலிந்துவிடும். மிச்சம் ஒன்றுமில்லை, ஆபத்து மட்டும் உண்டு.

உண்மையான தேய்மானம் வேறிடத்தில். ஆண்டுக்கணக்கில் ஆடி ஆடி நீடிலும் தேய்கிறது. வட்டமான நீடில் ஜெட்டின் துளை முட்டை வடிவமாகிறது. அந்த இடுக்கில் கூடுதல் பெட்ரோல் ஏறுகிறது. இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் வைத்தியம். செகந்திராபாத் ராணிகஞ்ச் போன்ற உதிரிபாகச் சந்தைகளில் விலை குறைந்த போலிகளும் கிடைக்கும். துளையின் அளவு பொய்யானால் வைத்தியமே நோயாகிவிடும். நீடிலின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு இறக்கினால் நீடில் மேலே ஏறும், கலவை கெட்டியாகும். முந்தைய மெக்கானிக் யாரோ அப்படி மாற்றிவிட்டிருந்தால் ஒரு பள்ளம் திருத்தினாலே போதும்.

சோக்கின் அடியில் ஒரு சின்ன ரப்பர் உண்டு. அது ஊறிப் போயோ பிய்ந்தோ இருந்தால், சோக்கை மூடிய பிறகும் பெட்ரோல் கசிந்து கொண்டே இருக்கும். ஃப்ளோட்டின் மட்டம் உயர்ந்திருந்தாலும் எல்லா வேகத்திலும் கலவை கெட்டி. இன்னொரு குழப்பம், பக்கவாட்டு ஸ்குரூ. இந்தக் கார்புரேட்டரில் அது காற்றை அளக்கும் ஸ்குரூ. உள்ளே திருகினால் கலவை கெட்டியாகும். வேறு பல வண்டிகளில் அது பெட்ரோலை அளக்கும். உள்ளே திருகினால் மெலியும். அந்தப் பழக்கத்தில் ‘பெட்ரோலைக் குறைக்கிறேன்’ என்று இதை உள்ளே முறுக்கிக் கூட்டிவிடுபவர்கள் உண்டு.

எத்தனாலின் பழி

இப்போது எல்லாப் பழியும் எத்தனால் மேல் விழுகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடெங்கும் பரவியது. பழி முழுதும் பொய்யல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் 20 சதவீதக் கலவையில் குறைவது சுமார் 7 சதவீதம். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. பழைய ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது.

ஆனால் கணக்கு கணக்குதான். 35 கொடுத்த வண்டியில் 7 சதவீதம் என்றால் இரண்டரை கிலோமீட்டர். 28-க்கு இறங்கியிருந்தால் மீதி நாலரைக்கு வேறு காரணம் இருக்கிறது.

எத்தனாலில் ஆக்ஸிஜன் உண்டு. சென்சார் உள்ள புதிய வண்டி அதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதே அளவு விடும், கலவை தானாக மெலியும். ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று சற்று அடர்த்தி குறைந்து, கலவை சில சதவீதம் கெட்டியாவது அந்த மெலிவை ஓரளவு ஈடுகட்டுகிறது. சென்னைக்கு இறங்கினால் அந்தச் சலுகையும் இல்லை. ஏற்கெனவே மெலிந்த கலவையை மைலேஜுக்காக இன்னும் மெலியச் செய்தால் என்ன ஆகும்? காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சின் அது. மே மாத வெயிலில், ஆளும் பெட்டியும் ஏற்றி, மணிக்கணக்காக ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வு கருகும். பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக் கொள்ளும். சின்ன ஜெட்டால் மிச்சமான பெட்ரோலின் விலை அப்போது தெரியும்.

காந்தம் மாட்டினால், மாத்திரை போட்டால் மைலேஜ் ஏறும் என்ற விளம்பரங்களுக்கும் பஞ்சமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடும்படி மைலேஜைக் கூட்டிய பொருள் எதுவும் கிடைக்கவில்லை.

எல்லா விளம்பரத்தையும்விட வலது கை மணிக்கட்டு நன்றாக வேலை செய்யும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 60-லிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது; காற்றின் எதிர்ப்போ 78 சதவீதம் கூடுகிறது. இரு பக்கமும் பெட்டி, முன்னால் அகலமான கண்ணாடி என்றால் இன்னும் அதிகம். வாரங்கல் போக இருபது நிமிஷம் கூடுதலாக ஒதுக்கினால் சில கிலோமீட்டர் மைலேஜ் இலவசம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தால் எல்லாவற்றுக்கும் போதும். தேதி, மீட்டர் அளவு, போட்ட பெட்ரோல், ஓடிய சாலை, செய்த ஒரு மாற்றம். ஒரே ஒரு மாற்றம் என்பது முக்கியம். ஃபில்டர், பிளக், ஜெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், மைலேஜ் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று யாருக்கும் தெரியாது. மூன்று டேங்க் பெட்ரோலுக்கான கணக்கை எழுதி வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போகிறவரிடம் எந்த மெக்கானிக்கும் உடனே ஸ்பேனரைத் தூக்க மாட்டார். நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார்.